ஒரு நூல் துளை

ஆரணியின் புருசன் லொறி பிரண்டு செத்தவன் என்று நம்புகிறவர்கள் மானிப்பாயில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படி இருந்தால்தான் அவர்களுக்குக் கதை பொருந்துகிறது. ஓட்டப் போட்டிக்கு வருகிற லொறிகளில் ஓட்டுனரைச் சுற்றி நிற்கிற இரும்புக் கூட்டைத் தட்டிப் பார்த்து, இது சரிவராது, அது சரிவராது என்று திருப்பி அனுப்புகிற பொம்பிளைக்கு அப்படி ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும். கேட்கிறவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"நுளம்பு கடிச்சுச் செத்தவர். டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். லொறிக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லை."

கேட்டவருக்கு முகம் சப்பென்று போய்விடும். அவள் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து இரும்பை ஒட்டத் தொடங்குவாள்.

மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய்க்குப் போகிற வீதியில், பழைய அரிசி ஆலைக்குப் பக்கத்தில் அவளுடைய வெல்டிங் கடை இருக்கிறது. கேற், யன்னல் கிறில், தண்ணீர்த் தாங்கி நிற்கிற கால்கள் என்று எல்லாம் செய்வாள். வீட்டில் அவளைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பியது தட்டச்சுப் படிக்க. அவள் முதல் நாளே வெல்டிங் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பை மாற்றச் சொல்லித் தகப்பன் இரண்டுமுறை வந்து போனார். மூன்றாம் முறை வந்தபோது அவள் ஒட்டிய ஒரு மூலையைக் கையில் கொடுத்து, உடைத்துப் பாருங்கோ என்றாள். மனிதர் சுத்தியலால் அடித்து அடித்துக் களைத்துப்போய் பஸ் ஏறினார்.

செந்தூரன் அதே வகுப்பில் இருந்தவன். அவனுக்கு ஒட்டு அவ்வளவு வராது. ஆனால் குழாய் வளைப்பதில் அவனைப்போல ஒருவர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கடையில் வேலை அப்படியே பிரிந்தது. வளைப்பது அவன், ஒட்டுவது அவள். அவன் வளைத்த குழாயை நிலத்தில் கிடத்தினால் எந்த இடத்திலும் ஒரு தாள் புகாது. பேச்சும் பகிடியும் அவனுடையது. கடைக்கு வருகிற ஆட்கள் பாதிப்பேர் கேற் செய்விக்க வந்தார்களா அவனோடு கதைக்க வந்தார்களா என்று அவளுக்குச் சந்தேகமாக இருக்கும்.

லொறி ஓட்டம் அவனுக்குப் பிடித்த பைத்தியம். உடுப்பிட்டிக்கு அப்பால், வயல்வெளி நடுவில், ஒரு கம்பனி எதற்கோ போட்டுவிட்டுக் கைவிட்டுப் போன கொங்கிறீற் பாதை ஒன்று நேராகக் கிடக்கிறது. நெல் அறுத்து முடிந்ததும் அதில் ஓட்டம் நடக்கும். இரண்டு லொறிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வெளிச்சம் பச்சையானதும் நானூறு மீற்றர். பதினாறு, பதினேழு செக்கனில் எல்லாம் முடிந்துவிடும். கல்லும் மண்ணும் ஏற்றிய பழைய சின்ன லொறிகள்தான். எஞ்சினைப் பிரித்து, பெருப்பித்து, பின்பெட்டியின் பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். பாரம் இல்லாத பின்பக்கம் துள்ளும். முன்னுக்கு உயரமான தலை. கொஞ்சம் சரிந்தாலும் பெட்டி கவிழ்ந்ததுபோலக் கவிழும்.

அப்படிக் கவிழ்ந்தது செந்தூரன் செத்த அடுத்த வருசம். வேறு யாரோ ஓட்டிய லொறி. தகரத் தலை ஓட்டுனரின் தோளளவுக்கு நசுங்கியது. பொடியன் பிழைத்தது சீற்றில் சரிந்து படுத்திருந்தபடியால். இனி விதி இல்லாமல் ஓட்டம் இல்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டது. ஓட்டத்தை நடத்துகிற கழகம் வெளிநாட்டு விதிப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்தது. எழுபது பக்க இங்கிலிஷ். கழகத்தில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. வெல்டிங் படித்தவள், இங்கிலிஷும் தெரியும் என்று அதைக் கொண்டுவந்து ஆரணியிடம் கொடுத்தார்கள். அவள் நான்கு மாதம் இருந்து, அதை ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதி முடித்தாள்.

கூட்டில், ஓட்டுனரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவு ஒரே குழாயாக இருக்கவேண்டும், நடுவில் பொருத்தக்கூடாது. தலைக்கவசத்துக்கு மேலே மூன்று அங்குலம் இடம் வேண்டும். குழாயின் கால்கள் தரைத் தகரத்தில் நிற்கக்கூடாது, அடிச்சட்டத்தில் நிற்கவேண்டும். தகரத்தில் நின்றால் வண்டி பிரளும்போது கூடு தகரத்தைப் பொத்துக்கொண்டு கீழே போகும், ஆள் மேலே வருவான். ஐந்து இடத்தில் பூட்டுகிற பெல்ட். வண்டியின் வாலில் ஒரு சுவிச், வெளியில் நிற்கிற யாரும் ஓடிப்போய் எஞ்சினை அணைக்கக்கூடியதாக. எஞ்சினிலிருந்து பின்சில்லுக்குப் போகிற தண்டு அறுந்தால் அது நிலத்தில் குத்தி லொறியைத் தூக்கி எறியாமல் இருக்க, அதைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். நெருப்பு அணைக்கிற சிலிண்டர் கைக்கெட்டின தூரத்தில். எல்லாவற்றுக்கும் கடைசியில், கூட்டின் குழாயில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அகலத்துக்கு ஒரு துளை போட்டு, சுவர் எவ்வளவு தடிப்பு என்று அளந்து பார்க்கவேண்டும். துளை எங்கே என்று தீர்மானிப்பது பரிசோதகர். வண்டிக்காரர் அல்ல.

கழகத் தலைவர் ஏரம்பு, முன்பு ஆறு லொறி வைத்து ஓட்டியவர், கொப்பியை வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இவ்வளவும் போட்டால் லொறி தன்பாட்டிலை ஓடாது. தேர்மாதிரி வடம் பிடிச்சுத்தான் இழுக்கவேணும்."

"இழுங்கோ ஐயா. இழுக்கிற ஆக்கள் உயிரோடை இருப்பினம்."

அந்தப் பதிலுக்காகவே அவளைக் கூடு பார்க்கிற பரிசோதகராக்கினார்கள் என்று ஏரம்பு பிறகு சொல்லித் திரிந்தார். உண்மையில் வேறு ஒருவரும் அந்த வேலைக்கு வரவில்லை.

அதற்கடுத்த வருசம் தை மாதம் செந்தூரனின் இரண்டாம் ஆண்டுத் திவசம் வந்தது. மாசியில் நடக்கிற ஓட்டத்தை அவன் பேரில் நடத்துவது என்று கழகம் முடிவெடுத்தது. நம் ஊரில் கிரிக்கெற் என்றாலும் கரம் என்றாலும் செத்தவர் ஒருவரின் பேரில்லாமல் கிண்ணம் இல்லை. 'அமரர் செந்தூரன் ஞாபகார்த்தக் கிண்ணம்' என்று சந்திக்குச் சந்தி பதாகை எழுந்தது. படத்தில் அவனுக்கு யாரோ கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது கல்யாணத்துக்குக்கூட அவன் கோட்டுப் போட்டதில்லை.

முதல் ஓட்டம் செந்தூரனின் சொந்த லொறி ஓடுவது என்றும், அதை அவன் தம்பி சுதாகரன் ஓட்டுவது என்றும் பதாகையில் போட்டிருந்தது. கழகத்தின் செயலாளரும் சுதாகரன்தான். அந்த லொறி இரண்டு வருசமாகச் சண்டிலிப்பாயில் சுதாகரன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் படங்கு மூடி நின்றது. அதிலிருந்த கூடு செந்தூரன் தனியாகச் செய்தது. அவன் செய்த கடைசிப் பெரிய வேலை.

அது ஒரு ஆடி மாதம். ஆரணி மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்குக் குருநாகலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கூடு லொறிக்குள் நின்றது. வளைவுகள் கண்ணைப் பறித்தன. அவன் உள்ளங்கையால் பெரிய வளைவில் ஒரு அடி போட்டு, சத்தத்தைப் பார் என்றான். தொப் என்று கேட்டது. நம் ஆட்களுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு மயக்கம். கேற் வாங்க வருகிறவரும் முதலில் குழாயைத் தட்டித்தான் பார்ப்பார். கிண் என்றால் மெலிசு, தொப் என்றால் கனம். ஆனால் வெறுங்குழாய் கிண் என்றுதான் கேட்கவேண்டும். ஆரணிக்கு அது தெரியும். அன்றைக்கு அவள் ஒட்டுகளைப் பார்த்தாள், நல்லாயிருக்கு என்றாள், உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டாள். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறோம், அவன் முகம் அவ்வளவு சந்தோசமாக இருக்கிறது, பிறகு கேட்போம் என்று விட்டாள். பிறகு தையும் டெங்குவும் வந்துவிட்டன.

பதாகையைக் கண்ட நாளிலிருந்து அவள் சுதாகரனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், வண்டியைக் கடைக்குக் கொண்டுவா, ஒரு துளை போட்டுப் பார்ப்போம் என்று. திங்கள் வருகிறேன் என்றான். வியாழன் என்றான். பற்றரி இல்லை என்றான். ஓட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, உடுப்பிட்டி வெளியில் கழகத்தின் தகரக் கொட்டகையில் பரிசோதனை தொடங்கியது. பதினொரு லொறிகளை அவள் மத்தியானத்துக்குள் பார்த்து முடித்தாள். எட்டுக்குப் பச்சைத் துண்டு ஒட்டினாள், மூன்றைத் திருப்பினாள். திரும்பின ஒருவன், இவவின்ரை வீட்டுக் கதவுக்கும் பெல்ட் பூட்டியிருப்பா என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனான். ஓம், ஐந்து இடத்தில் என்று அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

கடைசியாக வந்தது செந்தூரனின் லொறி. சீனவெடி கொளுத்திக்கொண்டு வந்தது. நேரே பிள்ளையார் கோயிலிலிருந்து வருகிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. முன் கண்ணாடியில் திருநீறு, சில்லில் நசிந்த தேசிக்காய், கூட்டின் பெரிய வளைவில் சந்தனமும் குங்குமமும். வளைவுக்குக் குறுக்கே போகிற குழாயில் செந்தூரனின் படத்தைக் கட்டி மாலை போட்டிருந்தது. சுதாகரன் ஓட்டி வந்தான். பக்கத்தில் தாய் சின்னத்தங்கம், பட்டுச்சேலை கட்டி, நாளைக்குக் கிண்ணம் கொடுக்கப்போகிறவர்.

ஆரணி டிறில்லை எடுத்துக்கொண்டு நடந்தாள். சுதாகரன் இறங்கிக் கதவை மறித்து நின்றான்.

"பூசை வைச்ச வண்டி அண்ணி. ஓடி முடியுமட்டும் இரும்பு படக்கூடாது. உங்களுக்குத் தெரியாததே."

அது கழகத்து லொறிக்காரர் எல்லோரும் பார்க்கிற வழக்கம். பூசை முடிந்த வண்டியில் முதல் ஓட்டம்வரை சாவி ஒன்றைக்கூட வைத்துத் திருக மாட்டார்கள். அதனால்தான் மற்றவர்கள் பச்சைத் துண்டு வாங்கினபிறகு கோயிலுக்குப் போவார்கள். இவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். எதற்காக என்று ஆரணிக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. திங்களும் வியாழனும் பற்றரியும் எல்லாம் ஒன்றாக விளங்கின.

ஏரம்பு வந்தார். கூட்டம் கூடிவிட்டது. பெரியவர் அவளைக் கொஞ்சம் விலத்திக் கூட்டிக்கொண்டு போய்ப் பதமாகக் கதைத்தார். செந்தூரன் கையால் செய்ததைச் செந்தூரன் மனுசியே துளைத்தால் சனம் என்ன சொல்லும். அவன் பேரில் நடக்கிற ஓட்டம். வீடியோ எடுக்கிறார்கள், கனடாவில் இருந்து பார்க்கிறார்கள்.

"இதுக்கு மட்டும் விடு பிள்ளை. பதினாறு செக்கன்தானே."

"அந்தப் பதினாறு செக்கனுக்குத்தான் ஐயா கூடு. நிக்கிற லொறிக்குக் கூடு தேவையில்லை."

திரும்பி வந்து பெரிய வளைவில் உள்ளங்கையால் அடித்தாள். தொப்.

படத்தை அவிழ்க்கவேண்டும் என்றாள். ஒருவரும் அசையவில்லை. சின்னத்தங்கம்தான் லொறிக்குள் இருந்தபடியே திரும்பி, மாலையை விலக்கி, முடிச்சை அவிழ்த்தார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். இறங்கிப் போய்க் கொட்டகை ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்து, படத்தை மடியில் லொறியைப் பார்க்க நிறுத்தி வைத்தார். யாரோ ஒரு பெண், படத்தை மற்றப் பக்கம் திருப்புங்கோ மாமி என்றாள்.

"ஏன்? அவனும் பாக்கட்டும்."

ஆரணி சந்தனப் பொட்டுக்கு நான்கு விரல் கீழே டிறில் அலகை வைத்தாள். முதலில் வெள்ளிச் சுருளாக இரும்பு வந்தது. வரவேண்டியதைவிடக் கெதியாக அலகு உள்ளே போய் விழுந்தது. வெளியே இழுத்தாள். துளையில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு கபில நிறத்தில் ஒரு கட்டி தலையைக் காட்டியது. அது உடைந்து, அதன் பின்னால் மணல் வரத் தொடங்கியது. மெல்லிய நூலாக, நிற்காமல், லொறியின் கால்மெத்தையில் விழுந்து குவிந்தது.

குழாய் வளைக்கிற எல்லோரும் மணல் நிரப்பித்தான் வளைப்பார்கள். வெறுங்குழாயைச் சூடாக்கி வளைத்தால் மூலையில் நசியும். மணலை வறுத்து, குழாய்க்குள் இறுக்கி, இரண்டு வாயிலும் கட்டை அடித்து, சிவக்கக் காய்ச்சி வளைத்தால் வடிவாக வரும். வளைத்தபிறகு கட்டையைக் கழற்றித் தட்டி மணலைக் கொட்டவேண்டும். செந்தூரன் கொட்டவில்லை. மணல் இருந்தால் பலம், சத்தமும் கனமாகக் கேட்கும் என்று நினைத்து அப்படியே குழாயின் வாயை அடித் தகட்டால் மூடி ஒட்டிவிட்டான். மணலும் கடற்கரை மணல். எவ்வளவு வறுத்தாலும் உப்புப் போகாது. காய்ச்சினபோது குழாயின் உள்பூச்சு எரிந்துபோயிருக்கும். மூன்று மாரி. ஒட்டின் இடுக்கால் புகுந்த ஈரத்தைக் குடித்த உப்பு மணல் குழாயை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. வெளியில் கறுப்புப் பெயின்ற் பளபளவென்று இருந்தது.

கூட்டத்திலிருந்து, ஓட்டங்களுக்கு நேரம் குறிக்கிற கஜீபனின் குரல் கேட்டது.

"அண்ணை பெர்மிற் இல்லாமல் மணல் ஏத்தியிருக்கிறார்."

எல்லோரும் அவனை முறைத்தார்கள். முதலில் சிரித்தவள் ஆரணி. செந்தூரன் நின்றிருந்தால் அவனே சொல்லியிருக்கக்கூடிய பகிடி அது. சிரிப்பு அவளுக்கு உடனே நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவுக்கம்பியைத் துளைக்குள் விட்டாள். ஒரு நூல் இருக்கவேண்டிய சுவர் அரை நூல்கூட இல்லை. வளைவு திரும்புகிற மூலையில் இரண்டாவது துளை போட்டாள். அங்கே டிறில்லை அமத்தவே தேவைப்படவில்லை, பப்படத்தில் போவதுபோலப் போனது.

சிவப்புத் துண்டை எடுத்தாள். சுதாகரன் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றான்.

"செத்த மனுசனைக் கொண்டுவந்து சந்தியிலை நிப்பாட்டிறியள் அண்ணி. அண்ணையின்ரை வேலை பிழையெண்டு இத்தினை சனத்துக்கு முன்னாலை காட்ட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

ஆரணி டிறில்லைக் கீழே வைத்தாள்.

"பிழைதான் சுதா. அவர் பிழை விட்டவர். சோறு வடிக்கத் தெரியாது, கணக்குப் பிழை, மணலைக் கொட்டாமல் விட்டவர். நான் அந்தாளோடைதான் பன்ரண்டு வருசம் இருந்தனான். நீங்கள் கோட்டுப் போட்டுப் பதாகையிலை நிப்பாட்டி வைச்சிருக்கிற பிழை விடாத மனுசன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. அவருக்காக உன்னை நான் இதுக்குள்ளை ஏத்த மாட்டன்."

ஏரம்புதான் ஒரு வழி கண்டுபிடித்தார். போட்டி ஓட்டம் வேண்டாம். மரியாதை ஓட்டமாக ஓடட்டும், தனியாக, மெதுவாக. விதிகள் போட்டிக்குத்தானே, மரியாதைக்கு விதி இல்லையே. கொட்டகைக்குள் செயற்குழுவைக் கூட்டிக் கை உயர்த்தச் சொன்னார். ஏழு பேரில் ஐந்து கை உயர்ந்தது. சுதாகரன் கையை உயர்த்தவுமில்லை, கீழே வைத்தும் இருக்கவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மெதுவாக ஓடுவது என்றால் எவ்வளவு மெதுவாக என்று ஆரணிக்குத் தெரியும். மாலை போட்டு, வெடி கொளுத்தி, இரண்டு பக்கமும் ஆயிரம் பேர் நின்று அண்ணையின் பேரைச் சொல்லிக் கத்தினால், எந்தத் தம்பியின் காலும் மெதுவாக மிதிக்காது.

வண்டிப் புத்தகம் யாருடைய பேரில் இருக்கிறது என்று அவள் கேட்டாள். செந்தூரன் செத்தபிறகு அது அவள் பேருக்கு மாறியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான், ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

"அப்ப என்ரை லொறி. வாக்கெடுப்பை உங்கடை லொறியளுக்கு வையுங்கோ."

ஜெனரேற்றரில் கிறைண்டரைக் கொளுவிக்கொண்டு வந்தாள். கண்ணாடியை இறக்கினாள். பெரிய வளைவின் இடது காலை அடித் தகட்டுக்கு ஒரு சாண் மேலே அறுத்தாள். பொறி பறந்தது. ஏரம்பு ஐயோ என்று ஒருமுறை சொன்னார், பிறகு நிறுத்திவிட்டார். குழாய் அறுந்ததும் மணல் பொதபொதவென்று இறங்கியது, ஒரு கடகம் அளவுக்கு. கொட்டகைக்குள் கடற்கரை மணம் அடித்தது. வலது காலையும் அறுத்தாள். செந்தூரன் வளைத்த வளைவு ஆடிக்கொண்டு தொங்கியது. அப்போதும் அது வடிவாகத்தான் இருந்தது. அதை அவள் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிறைண்டரின் வயரைச் சுருட்டினாள்.

அடுத்த நாள் செந்தூரனின் லொறி இல்லாமல் கிண்ணம் நடந்தது. பச்சைத் துண்டு வாங்கின லொறிகள் மாறி மாறிப் பதினேழு முறை சோடியாக ஓடின. ஒரு வண்டியில் தண்டு அறுந்து வளையத்துக்குள் கிடந்து தடதடவென்று அடித்தது, ஓட்டுனர் இறங்கி வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். அதுதான் அன்றைய பெரிய சம்பவம். பரிசு கொடுக்கும்போது அறிவிப்பாளர், குறை சொல்ல முடியாத கைவேலைக்காரர் செந்தூரன் என்று வாசித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சின்னத்தங்கம் கிண்ணத்தைக் கொடுத்தார். பிறகு ஆரணியிடம் ஒலிவாங்கியை நீட்டினார்கள். அழுவாள் என்று வீடியோக்காரன் கிட்ட வந்தான்.

மணல் வைத்து வளைத்த கூடு யாரிடமாவது இருந்தால் கடைக்குக் கொண்டுவரும்படி அவள் சொன்னாள். திங்கள் எட்டு மணிக்குத் திறக்கும் என்றாள். அவ்வளவுதான்.

இறங்கி வரும்போது ஏரம்பு பக்கத்தில் வந்தார். அவருக்கு இன்னும் கோபம் போகவில்லை.

"பாத்தியே, ஒரு வண்டியும் பிரளேல்லை. ஒண்டும் நடக்கேல்லை. அந்தளவுக்கு ஆர்ப்பாட்டம் பண்ணினாய்."

"ஓம் ஐயா. ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதான் நான் இவ்வளவு பாடுபட்டது."

திங்கள் ஒருவரும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. ஊருக்குள் கதை வேறுவிதமாகப் போய்க்கொண்டிருந்தது. புருசனின் கடைசி வேலையை அறுத்தவள் என்றார்கள். கேற்றுக்கு அளவு கொடுத்திருந்த ஒரு வீட்டார், பிறகு பார்ப்போம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பார்க்கலாம் என்று இவளும் சொன்னாள்.

புதன்கிழமை பத்து மணிபோல் சுதாகரன் வந்தான். மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலில் நின்றான். அவள் யன்னல் கிறில் ஒன்றை முடிக்கும்வரை அப்படியே நின்றான்.

"அண்ணி, அந்த ஆடி அண்ணை வளைச்சது ஒரு கூடு இல்லை. மூண்டு."

அவள் கண்ணாடியை உயர்த்தினாள்.

மற்ற இரண்டும் தென்மராட்சிக்குப் போயிருந்தன. ஒன்று சாவகச்சேரிக்கு, ஒன்று மிருசுவிலுக்கு. இரண்டு வண்டியும் இந்தக் கழகத்தில் ஓடுவதில்லை. கிளிநொச்சிப் பக்கம் நடக்கிற ஓட்டங்களுக்குப் போகின்றன. மணல் அள்ளி வந்தது சுதாகரன். வறுத்ததும் அவன். மணலைக் கொட்டவேண்டாம், இருக்கட்டும் என்று அண்ணை சொன்னபோது பக்கத்தில் நின்றவனும் அவன். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றான், சத்தியமாய் அண்ணி, பலம் எண்டுதான் நானும் நினைச்சனான். ஆனால் துளை போட்டால் மணல் வரும், மணல் வந்தால் அண்ணையின் பேர் போகும் என்று தெரியும். அதனால்தான் கோயிலுக்குப் போனான். சனிக்கிழமைக்குப் பிறகு நித்திரை இல்லை. மிருசுவில் வண்டி அடுத்த ஞாயிறு ஓடுகிறது.

அவன் ஏச்சு விழும் என்று காத்திருந்தான். மிருசுவில்காரரின் நம்பர் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருந்தது. அப்போதே எடுத்துக் கதைத்தாள். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கடைக்கு அனுப்புவதாகச் சொன்னார். சாவகச்சேரி நம்பர் மூன்றுமுறை அடித்து ஓய்ந்தது. அவள் டிறில்லையும் வயர்ச் சுருளையும் பையில் போட்டு, கடைக் கதவைப் பூட்டி, சுதாகரனின் மோட்டார்சைக்கிளில் ஏறினாள்.

சாவகச்சேரியில் அந்த வண்டிக்காரர் ஆழ்வாப்பிள்ளை என்பவர், மரம் அரிந்து விற்கிற மரக்காலை ஒன்று வைத்திருக்கிறார். லொறி மரக்காலைக்குள்ளேயே நின்றது, மரத்தூள் படாமல் துணி போட்டு மூடி. விசயத்தைக் கேட்டதும் மனிதர் லொறிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சனிக்கிழமை நடந்தது அவருக்கும் எட்டியிருந்தது.

"உடுப்பிட்டியிலை ஒண்டை அறுத்தது காணாதே? இது செந்தூரன்ரை கையாலை செய்தது. இதிலை ஒருத்தரையும் கைவைக்க விடன்."

"நான் அவற்றை மனுசி."

"அப்ப உமக்கே தெரியவேணும், அவற்றை வேலை எப்பிடியெண்டு."

"தெரியும் ஐயா. அதுதான் வந்தனான்."

ஆழ்வாப்பிள்ளை விலகவில்லை. இந்த லொறியை ஓட்டுவது யார் என்று ஆரணி கேட்டாள். தன் மகள் பிரசாந்தி என்றார் மனிதர். சொல்லும்போது அவரை அறியாமல் குரலில் ஒரு பெருமை வந்தது. கிளிநொச்சியில் ஆம்பிளைகளை முந்தி இரண்டாவதாக வந்தவள் என்றார். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நின்றார். திரும்பி, துணி மூடின கூட்டை ஒருமுறை பார்த்தார்.

அவர் ஒரு பக்கம் விலகியதும் ஆரணி பையைத் திறந்து வயரைச் சுதாகரனிடம் கொடுத்தாள். சுதாகரன் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு கரண்ட் எடுக்க இடம் தேடி மரக்காலைக்குள் போனான். அவள் துணியை உரித்தாள். மணல் வளைவில் தட்டிப் பார்க்கவில்லை, நேரே அலகை வைத்தாள்.